இவி ரீகால்: சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாச்சு, பழுது போச்சா?

மின்சாரக் கார் (இவி) வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி இது: "சர்வீஸ் சென்டர்ல இருந்து ரீகால் மெசேஜ் வந்திருக்கு. சாஃப்ட்வேர் அப்டேட் மட்டும்தானாம், அரை மணி நேர வேலையாம். போட்டுட்டா போதும்தானே?"

ரீகால் என்றால், விற்ற கார்களில் பழுது தெரியவந்து தயாரிப்பாளரே சரிசெய்யத் திரும்ப அழைப்பது. போதுமா போதாதா என்பது காரின் பெயரைப் பொறுத்ததல்ல, பழுது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கோளாறு சாஃப்ட்வேரிலேயே இருந்தால், அப்டேட் போட்டதும் கதை முடிந்தது. கோளாறு பேட்டரி செல்லிலோ சர்க்கியூட் போர்டிலோ இருந்தால், அந்த அப்டேட் வாசலில் நிற்கும் காவலாளி மாதிரிதான். ஏதாவது நடந்தால் விசில் ஊதுவான். உடைந்த கதவைச் சரிசெய்ய மாட்டான். இரண்டுக்கும் சர்வீஸ் கவுண்டரில் ஒரே மாதிரி காகிதம்தான் நீட்டுவார்கள். பிரித்துப் பார்ப்பது நம் வேலை.

முதல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு வால்வோ இஎக்ஸ்30. 2024 ஜூனில் உலகம் முழுக்க சுமார் 72,000 கார்களுக்கு ரீகால் வந்தது. கார் கிளம்பும்போது நடுத்திரை சோதனை முறைக்குப் போய், வேகம் காட்டும் இடம் காலியாகிவிடக்கூடும். இது சாஃப்ட்வேர்க்காரர் விட்ட பிழை, சாஃப்ட்வேரால் தீர்ந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் டெஸ்லா அமெரிக்காவில் கிட்டத்தட்ட 22 லட்சம் கார்களை ரீகால் செய்தபோது தலைப்புச் செய்திகள் அலறின. விஷயம் என்னவென்றால், பிரேக், பார்க்கிங், ஏபிஎஸ் எச்சரிக்கை எழுத்துகள் விதி சொல்லும் அளவைவிடச் சிறியதாக இருந்தன. அப்டேட் வந்தது, எழுத்து பெரிதானது, முடிந்தது. ரீகால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒரு கம்பெனியை நல்லது கெட்டது என்று சொல்பவர்களிடம் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வகையில்தான் சிக்கல் இருக்கிறது.

போல்ட், கோனா: ஒரே பாடம் இரண்டு தரம்

செவ்ரலே போல்ட் நம் மலேசியச் சாலைகளில் ஓடும் கார் அல்ல. ஆனாலும் இவி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் கதையை ஒரு முறையாவது படிக்க வேண்டும். 2020 நவம்பரில் முதல் ரீகால், சுமார் 69,000 கார்கள். தற்காலிகத் தீர்வாக, சார்ஜ் 90 விழுக்காட்டைத் தாண்டாதபடி சாஃப்ட்வேர் தடுத்தது. 2021-இல், பேட்டரியில் கோளாறு இருந்தால் முன்கூட்டியே கண்டுபிடிக்கும் புதிய சாஃப்ட்வேரைப் போட்டு, 100 விழுக்காட்டை மறுபடி திறந்துவிட்டார்கள். ரீகால் முடிந்ததாக எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அந்தச் சாஃப்ட்வேர் போட்ட கார்களே தீப்பிடித்தன. ஜூலையில் இரண்டாவது ரீகால். ஆகஸ்டில் அதுவரை தயாரித்த போல்ட் எல்லாவற்றுக்கும் விரிவாக்கினார்கள், மொத்தம் சுமார் 1,42,000 கார்கள். இந்த முறை மருந்து பேட்டரி மாட்யூலையே மாற்றுவது. செலவில் 190 கோடி டாலர் வரை தருவதாக, பேட்டரி தயாரித்த எல்ஜி ஒப்புக்கொண்டது.

ஹியூண்டாய் கோனா எலக்ட்ரிக் கதையும் இதே தடத்தில்தான் போனது. 2020 அக்டோபரில் ரீகால், பேட்டரி மேலாண்மை சாஃப்ட்வேரில் அப்டேட். 2021 ஜனவரியில் கொரியாவின் டேகு நகரில், ரீகால் வேலை முடித்திருந்த ஒரு கோனா எரிந்தது. பிப்ரவரியில் ஹியூண்டாய் உலக அளவில் சுமார் 82,000 வாகனங்களுக்கு பேட்டரியையே மாற்றுவதாக அறிவித்தது. செலவு மதிப்பீடு ஒரு லட்சம் கோடி வொன்.

சாஃப்ட்வேர் ஏன் தோற்றது? செல்லுக்குள் என்ன இருந்தது என்று பார்த்தால் புரியும். பை வடிவச் செல் ஒன்றைப் பிரித்தால், நேர் மின்வாய்த் தாள், எதிர் மின்வாய்த் தாள், நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் பிரிப்பான் என்று அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் மின்சாரத்தை வெளியே எடுக்கும் உலோக நாக்கு ஒன்று. போல்ட் செல்களில், எதிர் மின்வாயின் நாக்கு கிழிந்திருப்பதும் பிரிப்பான் மடிந்திருப்பதும் ஒரே செல்லில் சேர்ந்து வந்தபோது உள்ளே ஷார்ட் ஆனது. கோனாவில் எதிர் மின்வாயின் நாக்கு மடிந்திருந்தது.

சாஃப்ட்வேரால் இந்த மடிப்பைப் பார்க்க முடியாது. அதன் கையில் இருப்பவை செல் தொகுதிகளின் மின்னழுத்தம், சில இடங்களின் வெப்பநிலை, மின்னோட்டம் ஆகிய அளவுகள் மட்டுமே. மடிந்த நாக்கு பிரிப்பானை மெல்ல மெல்லத் தேய்க்கும் காலம் முழுக்க இந்த எண்கள் ஒழுங்காகவே இருக்கலாம். மின்னழுத்தம் சரியத் தொடங்கும்போது ஷார்ட் ஏற்கனவே தொடங்கியிருக்கும். காவலாளி சில சமயம் முன்கூட்டி விசில் ஊதுவான், சில சமயம் ஊத நேரமே இருக்காது. இதற்காக அவனை வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. பின்னாளில் ஒரு பகுதி போல்ட் கார்களுக்கு, சுமார் 10,000 கிலோமீட்டர் ஓடும்வரை 80 விழுக்காட்டோடு நிறுத்தி, அந்தத் தூரம் முழுக்கக் கண்காணித்து, சந்தேகம் இல்லையென்றால் மட்டும் முழு சார்ஜைத் திறக்கும் சாஃப்ட்வேரைப் போட்டார்கள். நீண்ட காலக் கண்காணிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும். ஒரே நாளில் "செக் பண்ணியாச்சு, ஓகே" என்று சொல்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாவது வகையும் உண்டு. பாகத்தில் பலவீனம் இருக்கும். அந்தப் பலவீனத்தின் மேல் விழும் அழுத்தத்தை சாஃப்ட்வேர் குறைக்கும். 2025 பிப்ரவரியில் டெஸ்லா 2023-ஆம் ஆண்டு மாடல் 3, மாடல் ஒய் கார்கள் சுமார் 3,76,000-ஐ ரீகால் செய்தது இந்த வகை. பவர் ஸ்டியரிங் சர்க்கியூட் போர்டில் மின்னழுத்தம் எகிறி பாகம் கெட்டு, கார் நின்று மறுபடி கிளம்பும்போது ஸ்டியரிங் கனத்துப்போகும். போர்டு இன்னும் கெடவில்லை என்றால் அப்டேட் காப்பாற்றும். ஏற்கனவே கெட்டிருந்தால் போர்டைத்தான் மாற்ற வேண்டும். பழுதைக் கார் கம்ப்யூட்டர் 'கோளாறு கோட்' என்று பதிந்து வைக்கும். எனவே இப்படிப்பட்ட ரீகாலில் கேட்க வேண்டிய கேள்வி: "அப்டேட் போடறதுக்கு முன்னாடி ஸ்கேன் பண்ணீங்களா? கோளாறு கோட் ஏதாவது வந்துச்சா?"

12 வோல்ட் என்ற சின்ன விஷயம்

பேட்டரி தீ செய்தியில் வரும். ஆனால் நடுரோட்டில் இவி நின்றுபோகும்போது, பெரும்பாலும் காரணம் பானட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ கிடக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். தரையடியில் 70 கிலோவாட் மணி இருந்தாலும், அந்த உயர் மின்னழுத்தச் சுற்றை இணைக்கும் ரிலே 12 வோல்ட்டில் இயங்குகிறது. கதவுப் பூட்டு, திரை, பிரேக் கம்ப்யூட்டர் எல்லாமே அப்படித்தான். பெட்ரோல் காரில் ஆல்டர்னேட்டர் செய்யும் வேலையை இங்கே டிசி-டிசி கன்வெர்ட்டர் செய்கிறது. அது செத்தால் 12 வோல்ட் வடியும், வடிந்து முடிந்ததும் கார் நிற்கும்.

ஹியூண்டாய் ஐயோனிக் 5, ஐயோனிக் 6, கியா இவி6 ஆகியவற்றில் இந்தக் கன்வெர்ட்டரும் ஏசி சார்ஜரும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. ஐசிசியு என்று அதைச் சொல்வார்கள். இடம் பின் சீட்டுக்கு அடியில். அதிலுள்ள டிரான்சிஸ்டர்கள் திடீர் மின்னோட்ட எகிறலாலும், சூடாகிக் குளிர்ந்து மறுபடி சூடாவதாலும் பழுதாகின்றன. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ஹியூண்டாய், ஜெனிசிஸ் கார்கள் 98,878-க்கு ரீகால்; கோளாறு கோட் இருந்தால் பெட்டியை மாற்று, இல்லையென்றால் சாஃப்ட்வேர் போடு. நவம்பரில் மறுபடி ரீகால், இந்த முறை 1,45,235 கார்கள். மார்ச்சில் வேலை முடித்த கார்களும் திரும்ப வர வேண்டியிருந்தது. போல்ட், கோனா பாதைதான், மூன்றாவது முறையாக.

அறிகுறிகள் இவை. பின் சீட்டுப் பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம், அது உள்ளே ஃபியூஸ் போகும் சத்தம். உடனே அல்லது சற்று நேரத்தில் மின்சார அமைப்பைச் சரிபார்க்கச் சொல்லும் எச்சரிக்கை. பிறகு வேகம் குறையும். எவ்வளவு தூரம் போகும் என்பது 12 வோல்ட் பேட்டரியில் மிச்சமிருக்கும் சார்ஜைப் பொறுத்தது. பழைய பேட்டரி என்றால் சீக்கிரமே கைவிடும். அந்த எச்சரிக்கை வந்தபின் பினாங்குப் பாலத்தில் ஏறாதீர்கள். முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், இரண்டாம் பாலம் 24 கிலோமீட்டர். நடுவில் நின்றால் ஒதுங்க இடம் தேட வேண்டிவரும். கோலாலம்பூரில் ஸ்மார்ட் சுரங்கத்துக்கும் இதே பேச்சு. ஏர்கோனை நிறுத்துங்கள், சீட் விசிறியை அணையுங்கள், கிடைக்கும் முதல் வெளியேறும் வழியிலோ நெடுஞ்சாலை ஓய்விடத்திலோ ஒதுங்குங்கள். பிளஸ் நெடுஞ்சாலை என்றால் 1800-88-0000.

வீட்டிலேயே சோதிக்க, சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, 12 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளில் பிடியுங்கள். காரைப் பூட்டிவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், நல்ல ஈய அமிலப் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும். 12.2 என்றால் பாதி காலி. 12-க்குக் கீழே என்றால் அதை நம்பி ஈப்போவரைகூடப் போக வேண்டாம். அடுத்து காரை ஆன் செய்து, 'ரெடி' வந்தபின் அளவிடுங்கள். கன்வெர்ட்டர் உயிரோடு இருந்தால் எண் 13.5-க்கு மேல் ஏறும், 14.7 வரைகூடப் போகும். ரெடியில் இருக்கும்போதும் 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் கன்வெர்ட்டர் சார்ஜ் செய்யவில்லை என்று பொருள். பேட்டரி மட்டும் மாற்றினால் மறுநாள் மறுபடி நிற்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சில பிஒய்டி கார்களில் சின்னப் பேட்டரியும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, அமைதி நிலையில் 13.2 அளவில் நிற்கும். புதிய டெஸ்லாக்களில் 15 வோல்ட்டுக்கு மேல் காட்டும் லித்தியம் பேட்டரி. ஈய அமிலக் கணக்கை அவற்றுக்குப் போடக் கூடாது. ஈய அமில வகை நம் வெயிலில் இரண்டு மூன்று வருடம் தாங்கினால் பெரிது. உடைந்து நிற்கும் வரை காத்திருப்பதில் லாபம் ஒன்றும் இல்லை.

12 வோல்ட் முழுக்க வடிந்த இவியை இழுவை வண்டிக்காரர் தொடும்முன் ஒன்று சொல்லிவிடுங்கள்: எல்லாச் சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் லாரிதான் வேண்டும். மோட்டாரோடு இணைந்த சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கும். பார்க்கிங் பிரேக்கும் மின்சாரம்தான், 12 வோல்ட் இல்லாமல் விடுபடாது. கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டரை 12 வோல்ட் முனையில் இணைத்து, காரை எழுப்பி, நியூட்ரலில் போட்ட பிறகுதான் ஏற்ற வேண்டும். கதவு விஷயமும் இதோடு சேர்ந்ததே. 12 வோல்ட் போனால் மின்சாரக் கைப்பிடி வேலை செய்யாது. இதே காரணத்தால் 2025 செப்டம்பரில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2021 மாடல் ஒய் கார்கள் சுமார் 1,74,000 பற்றி விசாரணை தொடங்கியது. உள்ளிருந்து கையால் திறக்கும் நெம்புகோல் எங்கே இருக்கிறது, குறிப்பாகப் பின் கதவில், என்று பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள்.

"வெளியே நிறுத்துங்கள்" என்று கடிதம் சொன்னால்

ரீகால் கடிதத்தில் முதலில் தேட வேண்டியது தற்காலிகக் கட்டுப்பாடு. "வசதிப்படும் நேரத்தில் சர்வீஸ் சென்டருக்கு வாருங்கள்" என்றால் அடுத்த சர்வீஸோடு சேர்த்துக்கொள்ளலாம். "70 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் செய்யாதீர்கள்", "கட்டடத்துக்கு வெளியே நிறுத்துங்கள்" என்றால் அன்றைக்கே நடைமுறைக்கு வர வேண்டும். 2026 தொடக்கத்தில் இஎக்ஸ்30-இல் 40,000-க்கு மேற்பட்ட கார்களின் பேட்டரி மாட்யூல்களை மாற்ற வால்வோ முடிவெடுக்கும் முன்பே, உரிமையாளர்களுக்கு 70 விழுக்காட்டு வரம்பு போயிருந்தது. அதே பெயர் கொண்ட காரில், லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி உள்ள வகை இதில் சேரவில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் பேட்டரியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

வரம்பு ஏன் என்றால், சார்ஜ் கூடக் கூடச் செல் வீங்கி உள் அழுத்தம் ஏறும். ஷார்ட் ஆனால் வெளிவரும் ஆற்றலும் கூடும். அடியிலும் ஒரு வரம்பு வரலாம். போல்ட்காரர்களிடம் 113 கிலோமீட்டர் ஓட்டம் மிச்சமிருக்கும்போதே மறுபடி சார்ஜ் செய்யச் சொன்னார்கள். ஆக, கடிதத்தில் மேல் வரம்பு, கீழ் வரம்பு இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் மேலே உள்ளதை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்காரர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். வாரம் ஒரு முறை 100 வரை சார்ஜ் செய்யுங்கள் என்று கையேடு சொல்லும், மீதி அளவைச் சரியாகக் கணிக்க. ரீகால் கடிதம் 80 என்று சொன்னால் கடிதம்தான் பெரியது. திரை காட்டும் விழுக்காடு கொஞ்சம் தப்பாகப் போகும், போகட்டும்.

கொண்டோவில் இருப்பவர்களுக்குத்தான் நிஜமான தலைவலி. செந்தூலிலோ பாயான் லெப்பாஸிலோ முப்பது மாடிக் கட்டடத்தில் உங்கள் பார்க்கிங் மூன்றாம் நிலை பேஸ்மென்டில் இருந்தால் வெளியே எங்கே நிறுத்துவது? 2021-இல், போல்ட்டைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் மற்ற கார்களிலிருந்து 15 மீட்டர் தள்ளி நிறுத்தும்படியும் சொன்னது. அதற்கு ஒரு பூப்பந்து மைதானம்கூடப் போதாது. நடைமுறையில் செய்யக்கூடியது, ரீகால் கடிதத்தின் நகலோடு நிர்வாக அலுவலகத்துக்கு எழுதி, வருகையாளர் பார்க்கிங்கில் கூரையில்லாத ஓர் இடத்தைத் தற்காலிகமாகக் கேட்பது. தேதி, கார் எண், சர்வீஸ் நாள் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். காவலாளியிடம் வாய்மொழியாகச் சொல்லி வாங்கும் இடம் அடுத்த ஷிப்டில் பறிபோய்விடும்.

நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஆகஸ்ட் 1 அன்று கொரியாவின் இஞ்சியோனில் ஓர் அடுக்குமாடியின் நிலத்தடிக் கார் நிறுத்தத்தில் மெர்சிடிஸ் இகியூஇ ஒன்று எரிந்தது. சார்ஜில் இல்லை, சும்மா நின்றிருந்த கார். நூற்றுக்கணக்கான கார்கள் சேதமாயின. தீ அந்த அளவுக்குப் பரவியதற்கு முக்கியமான காரணம், எச்சரிக்கை வந்தபோது ஊழியர் ஒருவர் தண்ணீர் தெளிக்கும் அமைப்பின் வால்வை நிறுத்தும் பொத்தானை அழுத்தியது. இவியைப் பேஸ்மென்டுக்குள் விடுவதா வேண்டாமா என்று ஆண்டுக் கூட்டத்தில் மணிக்கணக்காக வாதாடுவதைவிட, உங்கள் கட்டடத்தின் ஸ்பிரிங்க்ளர் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்று கேட்பது பயன் தரும்.

காரின் அடியிலிருந்து வெடிப்புச் சத்தமோ சீறலோ வெள்ளைப் புகையோ வந்தால், அது நீராவி மாதிரி தெரிந்தாலும் நீராவி அல்ல. எரியக்கூடிய வாயு, நச்சும் உண்டு. காரை நகர்த்தப் போகாதீர்கள், கேபிளைப் பிடுங்கப் போகாதீர்கள். ஆட்களை வெளியேற்றி 999 அழைத்து, மின்சாரக் கார் என்பதைப் போம்பாவிடம் (தீயணைப்புத் துறை) முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பவுடர் அணைப்பான் பேட்டரிக்குள் நடப்பதை நிறுத்தாது.

உங்கள் கார் பட்டியலில் இருக்கிறதா

அமெரிக்கச் செய்தியைப் படித்துவிட்டு இங்கே பதறுவதும் தப்பு, அது அமெரிக்காவுக்குத்தான் என்று விட்டுவிடுவதும் தப்பு. ஒரே மாடலுக்குச் செல்கள் வேறு வேறு ஆலைகளிலிருந்து வரும். எந்த ஆலை, எந்த மாதம் என்பதை வைத்துத்தான் பட்டியல் தயாராகும். அதைச் சேசிஸ் எண் ஒன்றே காட்டிக்கொடுக்கும். கிரானிலும் (கார் பதிவுப் பத்திரம்), முன் கண்ணாடியின் கீழ் மூலையிலும் 17 எழுத்து எண் இருக்கும். அதில் ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வட்டமாக ஒன்று தெரிந்தால் அது பூஜ்யம்தான். அதை எழுத்தாகத் தட்டிவிட்டு "ரீகால் இல்லை" என்ற பதிலோடு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு.

அதிகாரபூர்வ விநியோகஸ்தரிடம் வாங்கிய கார் என்றால், எண்ணை அனுப்பி எழுத்தில் பதில் கேளுங்கள். 'ரீகால்' என்று மட்டும் கேட்காதீர்கள், 'சர்வீஸ் கேம்பெயின்', 'புராடக்ட் அப்டேட்' எதுவும் நிலுவையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பாகம் மாற்றும் வேலைகூடச் சில நேரம் இந்த மென்மையான பெயர்களில் நடக்கிறது.

ரீகோன் கார்தான் சிக்கல், அதாவது வெளிநாட்டில் ஓடிவிட்டு இங்கே இறக்குமதியாகும் பழைய கார். பிரிட்டனிலிருந்து வந்த போர்ஷ டைக்கான், ஜப்பானிலிருந்து வந்த நிசான் லீஃப் போன்றவற்றின் உரிமையாளர் முகவரி இங்குள்ள விநியோகஸ்தரின் பட்டியலில் இருக்காது. கடிதம் யாருக்கும் வராது. பிரிட்டன் கார் என்றால் அந்த நாட்டு அரசாங்கத்தின் ரீகால் தேடல் பக்கம் இருக்கிறது. ஜப்பான் காரில் 17 எழுத்து எண்ணே இருக்காது. லீஃப் என்றால் இசட்இ1 என்று தொடங்கி, ஒரு கோடு, அப்புறம் எண்கள் என்று சின்னதாக இருக்கும். அதை ஜப்பான் போக்குவரத்து அமைச்சின் தளத்திலோ நிசான் ஜப்பான் தளத்திலோதான் தேட வேண்டும். அமெரிக்கத் தளத்தில் போட்டுப் பயனில்லை. லீஃப் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்: 2024-இல் அமெரிக்காவில் 2019, 2020 லீஃப் கார்கள் சுமார் 24,000-க்கு வந்த ரீகாலின் காரணம், செல்லில் லித்தியம் படிந்து உள் மின்தடை ஏறி, விரைவு சார்ஜின்போது பேட்டரி அதிகமாகச் சூடாவது. தீர்வு வரும்வரை விரைவு சார்ஜே போடாதீர்கள் என்றார்கள். சார்ஜ் விழுக்காடு காரணமில்லாமல் ஏறி இறங்குவது அதன் ஓர் அறிகுறி.

கவுண்டரில்

அப்டேட்டுக்கு முந்தைய நாள் மூன்று படம் எடுத்து வையுங்கள்: சாஃப்ட்வேர் பதிப்பு எண் காட்டும் திரை, முழு சார்ஜில் காட்டும் ஓட்ட தூரம், விரைவு சார்ஜரில் எட்டும் அதிகபட்ச கிலோவாட். பேட்டரியைக் காப்பாற்ற வரும் சாஃப்ட்வேர் சில நேரம் சார்ஜ் வேகத்தையும் ஓட்டத்தையும் குறைத்துவிடும். முன்பு எவ்வளவு என்று கையில் ஆதாரம் இல்லாவிட்டால் "அண்ணே, அது வெயிலாலதான்" என்ற பதிலோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

காரை எடுக்கும்போது ஜாப் ஷீட்டில் கேம்பெயின் எண், முந்தைய பதிப்பு, புதிய பதிப்பு, ஸ்கேனில் வந்த கோளாறு கோட்கள் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். "சாஃப்ட்வேர் அப்டேட் டன்" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். இரண்டாவது ரீகால் வரும்போது, முதலாவது உண்மையிலேயே நடந்ததா என்பதற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி. காற்றில் இறங்கும் அப்டேட் என்றால் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் சிக்னல் இருக்கிறதா என்று பாருங்கள். பல கொண்டோக்களில் கார் வாரக்கணக்காகப் பழைய பதிப்பிலேயே இருப்பதற்குக் காரணம் கம்பெனி அல்ல, கான்கிரீட்.

ரீகால் வேலையையோ வாரண்டியையோ மறுக்க அவர்களுக்கு நாமே காரணம் கொடுத்துவிடும் ஒரு தப்பு இருக்கிறது, நம் ஊரில் சர்வசாதாரணம்: வீட்டுப் பக்கத்து ஏர்கோன் கடை. மின்சாரக் காரின் ஏர்கோன் கம்ப்ரசர் நேராக உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. அதன் மோட்டார் சுருள் எண்ணெயிலும் வாயுவிலும் நனைந்தபடியே இருக்கும். அதனால் பெரும்பாலான கார்களில் மின்சாரம் கடத்தாத பிஓஇ எண்ணெய், உதாரணமாக என்டி-11, போடுகிறார்கள். பெட்ரோல் கார்களுக்கு வழக்கமாகப் போவது பிஏஜி எண்ணெய். அதைத் தெரியாமல் ஊற்றினாலோ, முந்தைய காருக்கு மாட்டிய கேஜ் ஹோஸில் ஒட்டியிருந்தது உள்ளே போனாலோ, காப்புத் தடை, அதாவது மின்சாரம் கசியாமல் தடுக்கும் திறன், இறங்கிவிடும். சர்வதேசத் தரத்தின்படி குறைந்தபட்சத் தடை, டிசி சுற்றில் வோல்ட்டுக்கு 100 ஓம், ஏசி சுற்றும் சேர்ந்தால் 500 ஓம். 400 வோல்ட் காருக்கு அது முறையே 40,000 ஓம், 2 லட்சம் ஓம். அதற்குக் கீழே போனால் கார் காப்புக் கோளாறு என்று சொல்லி உயர் மின்னழுத்தத்தை இணைக்க மறுக்கும். எண்ணெய் கலந்த சிஸ்டத்தை முழுதாகச் சுத்தம் செய்வது கடினம்; கம்ப்ரசர், கண்டென்சர், குழாய் என்று மாற்றிக்கொண்டே போக வேண்டிவரும். சில நூறு ரிங்கிட்டை மிச்சம் பிடிக்கப் போய் பல்லாயிரத்தில் முடியும் வேலை. கடைக்காரர் "இவிக்குத் தனி மிஷின் வைத்திருக்கிறோம்" என்று காட்டாவிட்டால் கிளம்பிவிடுங்கள்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு

8 ஆண்டு, 1,60,000 கிலோமீட்டர் பேட்டரி வாரண்டியைக் காட்டி விற்பார்கள். அதோடு ஜாப் ஷீட் கட்டையும் கேளுங்கள். ரீகால் வேலையில் பேட்டரி மாற்றிய கார் என்றால் பயப்பட வேண்டாம். எனக்குக் கேட்டால் அதே மாடலில் மாற்றாததைவிட மாற்றியதையே எடுப்பேன். மாற்றிய பேட்டரிக்கு வாரண்டி அன்றிலிருந்து புதிதாகத் தொடங்குகிறதா, பழையது தொடர்கிறதா என்பதை மட்டும் விநியோகஸ்தரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விற்றவர் இருக்கிறார், தயாரித்தவர் இல்லை என்ற நிலையும் வரலாம். நெட்டா கார்களைத் தயாரித்த சீனாவின் ஹோசோன் நிறுவனம் 2025 ஜூனில் திவால் நடைமுறைக்குள் போனது, அந்தக் கார்கள் நம் சாலைகளிலும் ஓடுகின்றன. சாஃப்ட்வேர் எழுத ஆள் இல்லாத இடத்தில் ரீகாலும் இல்லை. விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும் இதைக் கணக்கில் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

உள்ளூர் விற்பனையாளர் வேலையை இழுத்தடித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கை, பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். பேட்டரி முழுவதையும் மாற்றும் செலவு சில கார்களில் இந்த வரம்பைத் தாண்டிவிடும். எனவே பெரிய தொகையாக வளர்வதற்கு முன்பே, முதல் மறுப்புக் கடிதம் கையில் கிடைத்ததும் போட்டுவிடுங்கள்.